முட்டம் கடற்பஞ்சின் மருந்தைச் செய்வது யார்? பஞ்சா, அதற்குள் வாழும் பாக்டீரியாவா?

நாகர்கோவிலில் முதுகலை நுண்ணுயிரியல் பயிலும் ஒரு மாணவி கேட்டிருப்பதன் சாரம் இது. முட்டம் கடலில் சிங்கி இறாலுக்கு விரித்த வலையில் சிக்கி வந்த கடற்பஞ்சு ஒன்றிலிருந்து அவர் பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்திருக்கிறார். அவற்றில் இரண்டு, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமியைப் பரப்பிய அகார் தட்டில், அக்கிருமி வளராத தெளிவான தடுப்பு வளையம் காட்டியிருக்கின்றன. பஞ்சை அரைத்து எடுத்த சாறும் அதே கிருமியைத் தடுத்திருக்கிறது. ஆகவே, பஞ்சிலுள்ள மருந்துப்பொருளை உண்மையில் செய்வது இந்தப் பாக்டீரியாக்கள்தாம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு அப்படி எழுத இயலாது. பஞ்சின் சாறு ஒரு கிருமியைத் தடுக்கிறது என்பதும், பஞ்சிலிருந்து வளர்த்த பாக்டீரியா அதே கிருமியைத் தடுக்கிறது என்பதும் தனித்தனிச் செய்திகள்; இரண்டையும் இணைக்கும் சான்று இன்னும் உங்கள் கையில் இல்லை. ஆனாலும் உங்கள் எண்ணம் வெறும் ஊகமன்று. கடற்பஞ்சுகளின் பெயரில் பதிவாகியுள்ள வீரியமிக்க சேர்மங்களில் பலவற்றைச் செய்வது அவற்றுக்குள் வாழும் கூட்டுயிரி பாக்டீரியாக்களே என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் படிப்படியாக நிறுவப்பட்டிருக்கிறது. அது எவ்வாறு நிறுவப்பட்டது என்பதைப் பார்த்தால், உங்கள் ஆய்வில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்பது விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடற்பஞ்சு ஒரு விலங்கு. ஆனால் அதற்கு வாயோ குடலோ நரம்போ கிடையாது. மேற்பரப்பிலுள்ள எண்ணற்ற நுண்துளைகளின் வழியே கடல்நீர் உள்ளே நுழைந்து, கசையிழை கொண்ட செல்கள் வரிசையாக அமைந்த சிற்றறைகளைக் கடந்து, பெரிய துவாரங்களின் வழியே வெளியேறுகிறது. ஒரு கிலோ பஞ்சு நாளொன்றுக்கு 24,000 லிட்டர் வரை நீரை இவ்வாறு வடிக்கக்கூடும். நீரில் வரும் பாக்டீரியாக்கள்தாம் அதற்கு முக்கிய உணவு. சிற்றறைகளுக்கும் மேல்தோலுக்கும் இடையில் மீசோஹைல் எனப்படும் கூழ்மப் பகுதி உள்ளது. நம் கேள்விக்குரிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வாழும் இடம் அதுவே. கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும் என்றால், சில பஞ்சு இனங்களில் ஒரு கிராம் திசுவில் 10 கோடியிலிருந்து 1,000 கோடி வரை இருக்கின்றன. அத்தகைய பஞ்சுகளின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாக்டீரியா எடையாகவே இருப்பதுண்டு. பிரான்சின் ஷான் வாசலே போன்றோர் 1970களில் மத்தியதரைக் கடல் பஞ்சுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதே இந்த நெரிசல் தெரிந்துவிட்டது. வேறு சில இனங்களிலோ சுற்றியுள்ள நீரில் உள்ள அளவுக்கு மேல் பாக்டீரியா இருப்பதில்லை. ஆகவே பாக்டீரியா செறிந்த பஞ்சுகள், அரிதான பஞ்சுகள் என்ற இரு பெரும் பிரிவு ஆய்வாளர்களிடையே நிலைத்துவிட்டது.

கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இந்த வேறுபாட்டை ஓரளவு கண்ணாலேயே ஊகிக்கலாம். செறிந்த வகையின் உட்புறம் இறுகிக் கனத்து, நீர்க்கால்வாய்கள் குறுகலாக இருக்கும். அரிதான வகை பொலபொலவென்று, கையால் அழுத்தினால் நீரையெல்லாம் விட்டுவிட்டுச் சுருங்கும். இது முடிவான சோதனையன்று. எந்த மாதிரியை முதலில் ஆராய்வது என்று தீர்மானிக்க உதவும், அவ்வளவே.

பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒரு விலங்கு, சில பாக்டீரியாக்களை மட்டும் தின்னாமல் எப்படி விட்டுவைக்கிறது என்று கேட்கத் தோன்றும். கூட்டுயிரிகளின் மரபணுத் தொகுதிகளில் அங்கிரின் தொடர் என்ற, திரும்பத் திரும்ப வரும் அமைப்பைக் கொண்ட புரதங்களுக்கான மரபணுக்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அந்த மரபணுக்களை ஆய்வகத்து எஸ்செரிச்சியா கோலையில் ஏற்றி அமீபாவுக்கு உண்ணக் கொடுத்தபோது, அந்த பாக்டீரியாக்கள் எளிதில் செரிக்கப்படாமல் அமீபாவினுள்ளேயே குவிந்தன. மேலும் பல இனங்களில் கூட்டுயிரிகள் முட்டை, இளவுயிரி வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்கின்றன. பல தலைமுறையாகத் தொடரும் இந்த உறவைத் தவறாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை எடைபோடும்போது தேவைப்படும்.

இனி வரலாறு. 1950ஆம் ஆண்டையொட்டி வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃபுளோரிடா கடலில் எடுத்த ஒரு பஞ்சிலிருந்து, ரைபோஸ் சர்க்கரைக்குப் பதிலாக அராபினோஸ் சர்க்கரை கொண்ட விந்தையான நியூக்ளியோசைடுகளை (மரபுப்பொருளின் கட்டுமான அலகுகளை ஒத்த மூலக்கூறுகளை) பிரித்தெடுத்தார். அந்த வடிவத்தைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்யப்பட்ட சைட்டராபின் 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போகும் ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்கு இன்றும் ஏற்றப்படுவது அந்த மருந்துதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த வைடரபின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியாவும் செய்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. கடற்பஞ்சின் வேதியியலும் பாக்டீரியாவின் வேதியியலும் ஒரே பாதையில் சந்திப்பது இது ஒரு தடவை மட்டுமன்று. ஜப்பானில் ஹாலிகோண்ட்ரியா ஓகடாய் என்ற பஞ்சிலிருந்து எடுத்து அதன் பெயராலேயே அழைக்கப்பட்ட ஓகடாயிக் அமிலத்தை, புரோரோசென்ட்ரம் என்ற ஒருசெல் மிதவை உயிரி செய்கிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே நிரூபணமானது. பஞ்சு அதைச் சேர்த்துவைக்கும் பாத்திரமாக மட்டுமே இருந்திருக்கிறது.

இவையெல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்த சான்று கடலிலிருந்து வந்ததன்று, வயலிலிருந்து வந்தது. நாஞ்சில் நாட்டில் வயலோரத்து வீடுகளில், மழை விட்ட இரவுகளில் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு சிறு பூச்சி வரும். உடல் செம்மஞ்சள், தலையும் வால்நுனியும் கருமை, நடுவில் நீலப் பளபளப்புடன் குட்டையான சிறகுறை. அளவில் ஒரு நெல்மணி நீளம். கழுத்தில் ஊர்வதை உணர்ந்து கையால் தேய்த்துவிட்டால், மறுநாள் தேய்த்த கோட்டிலேயே தோல் சிவந்து கொப்பளித்து எரியும். பூச்சி கடித்துவிட்டது என்று சொல்வார்கள். உண்மையில் அது கடிப்பதில்லை. பெடரஸ் என்ற அந்தப் பூச்சியின் உடல் திரவத்திலுள்ள பெடரின் என்ற நஞ்சுதான் தோலைப் புண்ணாக்குகிறது. நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சிகளை அது தின்பதால் உழவருக்கு நண்பன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெடரினின் வடிவம் தெரிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1988இல், ஒகினாவா கடலின் தியோனெல்லா பஞ்சிலிருந்து ஓன்னமைடு என்ற சேர்மமும், நியூசிலாந்தின் மைகாலே பஞ்சிலிருந்து மைகாலமைடு என்ற சேர்மமும் வெளிவந்தன. இரண்டின் மையக் கட்டமைப்பும் பெடரினை அப்படியே ஒத்திருந்தது. நெருங்கிய உறவில்லாத இரண்டு பஞ்சுகளும் நிலத்தில் வாழும் ஒரு பூச்சியும் இத்தனை சிக்கலான ஒரே மூலக்கூறைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்க முடியுமா? 2002இல் யோர்ன் பீல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பெடரினைச் செய்யும் மரபணுத் தொகுப்பைத் தேடிப் பிடித்தபோது, அது பூச்சியின் மரபணுவாக இல்லை. பூச்சிக்குள் வாழும், இதுவரை தனியே வளர்க்கப்படாத, சூடோமோனாஸ் இனத்துக்கு நெருங்கிய பாக்டீரியாவின் மரபணுவாக இருந்தது. பெண் பூச்சி தன் முட்டை வழியே அந்தப் பாக்டீரியாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. பெடரின் உள்ள இளம்புழுக்களைச் சிலந்திகள் தின்னாமல் விடுகின்றன. 2004இல் அதே ஆய்வாளர் தியோனெல்லா பஞ்சிலிருந்து ஓன்னமைடுக்கான மரபணுக்களைப் பிரித்தெடுத்தார். அவையும் பாக்டீரியாவுக்குரிய அமைப்பிலேயே இருந்தன. பெடரின் மரபணுக்களுடன் அவற்றுக்கு நெருங்கிய ஒற்றுமையும் இருந்தது. இப்படி ஒரு பூச்சியைக் கொண்டு பஞ்சின் ரகசியம் அவிழ்ந்தது.

இதற்கு முன்னரே, மரபணு ஆய்வு இவ்வளவு எளிதாக இல்லாத காலத்தில், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் ஜான் ஃபாக்னரின் குழு வேறொரு வழியைக் கையாண்டது. பலாவு தீவின் தியோனெல்லா ஸ்வின்ஹோய் பஞ்சைச் செல் செல்லாகப் பிரித்து, மைய விலக்குக் கருவியில் சுழற்றி, பஞ்சுச் செல்கள், சயனோபாக்டீரியா, ஒற்றைச் செல் பாக்டீரியா, இழை பாக்டீரியா என நான்கு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்தச் சேர்மம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அதுவரை பலரும் சயனோபாக்டீரியாவையே சந்தேகித்திருந்தார்கள். 1996இல் வெளியான முடிவு அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட்டது: ஸ்வின்ஹோலைடு என்ற சேர்மம் ஒற்றைச் செல் பாக்டீரியாவிலும், ஒரு வளைய பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) இழை பாக்டீரியாவிலும் இருந்தன; பஞ்சுச் செல்களில் இரண்டும் இல்லை. ஆனால் ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதாலேயே அங்கே அது செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. ஒரு செல் செய்ததை வேறொரு செல் உறிஞ்சிச் சேர்த்துவைக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்க்க மரபணுச் சான்று தேவைப்பட்டது.

அந்த இழை பாக்டீரியாவுக்கு என்டோதியோனெல்லா என்று பெயரிட்டார்கள். 2014இல் பீலும் அவருடைய கூட்டாளிகளும், ஜப்பானின் ஹாச்சிஜோ தீவையொட்டி எடுத்த மஞ்சள் நிற உட்புறம் கொண்ட தியோனெல்லா பஞ்சில் இந்த இழைகளைத் தனியே பிரித்து, அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். அந்தப் பஞ்சிலிருந்து அதுவரை தெரிந்திருந்த பாலிகீட்டைடுகளும் (சிறு கார்பன் அலகுகளைக் கோத்துக் கட்டப்படும் சேர்மங்கள்) பெப்டைடுகளும் ஏறத்தாழ அனைத்தும் இந்த ஒரே வகைப் பாக்டீரியாவின் மரபணுக்களில் எழுதப்பட்டிருந்தன. ஒன்பது மில்லியன் காரமூல இணைகளுக்கு மேற்பட்ட அந்த மரபணுத் தொகுதி, ஸ்ட்ரெப்டோமைசஸுக்கு ஈடான வேதித் திறமையைக் காட்டியது. ஆனால் அந்த இனம் அதுவரை அறியப்பட்ட எந்தப் பெரும் பிரிவிலும் அடங்கவில்லை. இதில் பாலிதியோனமைடு என்ற சேர்மத்தின் கதை தனிச்சிறப்புடையது. அதன் விசித்திரமான அமினோ அமிலங்களைப் பார்த்த வேதியியலாளர்கள், செல்லில் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் துணையின்றித் தனி நொதிக்கூட்டத்தால் அது கட்டப்படுவதாகவே நினைத்திருந்தார்கள். 2012இல் வந்த ஆய்வோ, அது சாதாரணமாக ரைபோசோமில் பிறந்து, அதன் பிறகு சில நொதிகளால் ஏறத்தாழ ஐம்பது இடங்களில் மாற்றியமைக்கப்படும் பெப்டைடு என்று காட்டியது. உலகில் தெரிந்த வேறெந்த இயற்கைப் பெப்டைடும் இவ்வளவு மாற்றம் பெற்றதில்லை என்று அப்போது வியந்தார்கள்.

டிஸ்கோடெர்மியா கேலிக்ஸ் என்ற ஜப்பானியப் பஞ்சின் கேலிகுலின் என்ற நஞ்சும் இதே என்டோதியோனெல்லா குடும்பத்தின் வேலைதான். அதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. பஞ்சு நலமாக இருக்கும்போது கேலிகுலின் ஒரு பாஸ்ஃபேட் கூடுதலாக ஏற்றப்பட்ட, வீரியம் குறைந்த வடிவில் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது. திசு காயம்பட்டவுடன் ஒரு நொதி அந்தப் பாஸ்ஃபேட்டை வெட்டிவிட, கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. வலையில் இழுபட்டு, வள்ளத்தின் தட்டில் வெயிலில் கிடந்து, கரைக்கு வந்து சேர்ந்த பஞ்சில் நீங்கள் காணும் சேர்மங்கள், கடலடியில் உயிருடன் இருந்த பஞ்சில் இருந்தவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பிலிப்பைன்ஸின் ஹாலிக்ளோனா பஞ்சில் ரெனியராமைசின் என்ற சேர்மத்தைச் செய்யும் பாக்டீரியா, பஞ்சு அதற்கென ஒதுக்கிய தனிச் செல்களுக்குள் வாழ்கிறது. மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டதால் தனித்து வாழும் வல்லமை அதற்கு இல்லை. எனவே எந்த அகார் தட்டிலும் அது வளரப்போவதில்லை. நியூசிலாந்தின் மைகாலே ஹென்ட்ஷெலியில் நிலைமை வேறு: மைகாலமைடு, பேட்டியமைன், பெலோருசைடு ஆகிய சேர்மங்களைச் செய்வன ஒரே பஞ்சுக்குள் குடியிருக்கும் வெவ்வேறு பாக்டீரியாக்கள் என்று 2020இல் தெரியவந்தது. ஆக, ஒரே ஆலை எல்லாவற்றையும் செய்யும் பஞ்சும் உண்டு. பல பட்டறைகள் ஆளுக்கொன்று செய்யும் பஞ்சும் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாப் புகழும் பாக்டீரியாவுக்கே என்று முடித்துவிடும் மனநிலைக்கு எதிராகவும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அண்மைக்கால ஆய்வேடுகளில் அந்தச் சாய்வு அதிகமாகவே தெரிகிறது. அப்ளைசினா பஞ்சின் புரோமின் கலந்த ஆல்கலாய்டுகள் பஞ்சின் சொந்த உருண்டைச் செல்களில் இருக்கின்றன என்று 1980களிலேயே காட்டப்பட்டது. டிஸிடியா ஹெர்பேசியா பஞ்சைப் பிரித்துப் பார்த்தபோது, குளோரினும் புரோமினும் ஏறிய சேர்மங்கள் அதனுள் வாழும் சயனோபாக்டீரியாவிலும், டெர்பீன் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த செஸ்குவிடெர்பீன்கள் பஞ்சுச் செல்களிலும் இருந்தன; ஒரே உடலில் இருவர் உழைப்பு. டெர்பீன்களைக் கட்டும் நொதிகளின் மரபணுக்கள் பஞ்சின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே இருப்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பொதுவாகச் சொன்னால், பாலிகீட்டைடும் சிக்கலான பெப்டைடும் என்றால் முதலில் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். டெர்பீன் என்றால் பஞ்சையே சந்தேகிக்கலாம். நம் கடலில் கிடைக்கும் டென்ட்ரில்லா போன்ற, சிலிக்கா முள் இல்லாத கருநிறப் பஞ்சுகள் டெர்பீன்கள் மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதால், அவற்றின் சாறு கிருமியைத் தடுப்பதை வைத்துப் பாக்டீரியாவுக்குப் பெயர் கொடுப்பதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இனி நீங்கள் வளர்த்த இரண்டு பாக்டீரியா வகைகளுக்கு வருவோம். பஞ்சிலுள்ள பாக்டீரியாக்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவையே வழக்கமான ஊடகங்களில் வளர்கின்றன. அப்படி வளர்பவை பெரும்பாலும் பேசில்லஸ், விப்ரியோ, சூடோமோனாஸ், ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்று எங்கும் பிழைக்கும் வகைகள்; கடல்நீரிலும் சேற்றிலும் வலையிலும் கையிலும் அவை இருக்கின்றன. கோயில் கொடைக்கு வந்த கூட்டத்தில் முதலில் பேச்சுக் கொடுத்தவரை அந்த ஊர்க்காரர் என்று எழுதிக்கொள்வது போன்றதுதான், தட்டில் முதலில் வளர்ந்ததைப் பஞ்சின் கூட்டுயிரி என்று எழுதுவது. இதனால் அவை பயனற்றவை என்று பொருளன்று. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சூடோசெரட்டினா என்ற பஞ்சிலிருந்து வளர்த்த சாலினிஸ்போரா பாக்டீரியா, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினின் தாய்க் குடும்பமான ரிஃபாமைசின்களைச் செய்தது. அது மதிப்புமிக்க கண்டுபிடிப்பு; ஆனால் அதைக் கண்டவர்கள் பஞ்சின் மருந்தைக் கண்டதாகச் சொல்லவில்லை, பஞ்சில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மருந்தைக் கண்டதாகவே சொன்னார்கள். இந்தோனேசியப் பஞ்சு ஒன்றின் மான்சமைன் என்ற சேர்மத்தை அதே பஞ்சிலிருந்து வளர்த்த மைக்ரோமோனோஸ்போரா பாக்டீரியா செய்தது என்று அறிவித்தவர்கள், பாக்டீரியா வளர்ந்த ஊடகத்திலேயே அந்த மூலக்கூறைக் கண்டறிந்த பிறகுதான் அறிவித்தார்கள். நீங்கள் எட்ட வேண்டிய படி அது.

அதற்குச் சில வேலைகள் முதலில் நடக்க வேண்டும். பஞ்சின் பெயர் தெரியாமல் எதுவும் நிற்காது. ஒரு துண்டை எத்தனாலில் போட்டுவையுங்கள். சிறு கீற்றைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கரைத்து, மிஞ்சும் முட்களைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்துப் படம் எடுங்கள். முள்ளின் வடிவமும் நீளமும்தான் பஞ்சின் அடையாள அட்டை. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பஞ்சுகளைப் பற்றி விழிஞ்ஞத்தில் பணியாற்றிய பி. ஏ. தாமஸ் எழுதியவை இன்றும் முதலில் புரட்ட வேண்டியவை. இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் அருகிலேயே இருக்கிறது. அங்குள்ளவர்களிடம் மாதிரியைக் காட்டிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அடுத்த மாதிரியை வலைக்காரரிடம் வாங்குவதற்குப் பதிலாக, கடியப்பட்டணத்திலும் இனயத்திலும் பாறைகளில் சிப்பி எடுக்க முங்குபவர்களிடம் சொல்லிவையுங்கள். பாறையில் ஒட்டியிருந்த நிலையில், உள்ளங்கை அளவு மட்டும் வெட்டி, கடலுக்குள்ளேயே பையில் இட்டு, பனிப்பெட்டியில் கொண்டுவர வேண்டும். மீதிப் பஞ்சு பாறையிலேயே இருந்தால் வெட்டிய இடம் மீண்டும் வளரும். அதே இடத்திலிருந்து ஒரு குப்பி நீரும், பாறையடியிலிருந்து கொஞ்சம் மணலும் எடுத்துவர மறக்க வேண்டாம். இந்த இரண்டிலும் உங்கள் பாக்டீரியா இல்லாமல் பஞ்சில் மட்டும், அதுவும் வெவ்வேறு பஞ்சுகளிலும் வெவ்வேறு பருவங்களிலும் திரும்பத் திரும்ப இருந்தால்தான் அதைக் கூட்டுயிரி என்று அழைக்க ஒரு நியாயம் கிடைக்கும். தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்றில் கடல் கலங்கியிருக்கும் மாதங்களில் முங்குவது இயலாது. விசைப்படகுகளின் வலையில் வருவதை நம்புவதானாலும், சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம் கரைக்கு ஜூன், ஜூலை மாதங்களிலும் தடைக்காலம் என்பதைக் கணக்கில் கொண்டு திட்டமிடுங்கள்.

ஆய்வகத்தில் பஞ்சைக் கிருமிநீக்கிய கடல்நீரில் பலமுறை கழுவி, மேல்தோலைச் சீவிவிட்டு, உட்புறத்தை மட்டும் அரைத்துப் பரப்புங்கள். மரைன் அகார் 2216 என்ற வழக்கமான சத்து ஊடகம் ஒன்றையே நம்பினால் வேகமாக வளர்பவையே கிடைக்கும். சத்துக் குறைந்த ஊடகத்தையும் சேர்த்து, வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் வேறு முகங்கள் தெரியும். வளையம் தெரிந்தவுடன் மகிழ்ந்துவிடவும் கூடாது: பாக்டீரியா வெளியிடும் அமிலமே வளையம் காட்டக்கூடும், சாற்றை எடுத்த கரைப்பானும் காட்டக்கூடும். கரைப்பான் மட்டும் இட்ட காகித வட்டும், அமிலத்தன்மையைச் சமன்செய்த சாறும் பக்கத்தில் இருக்கட்டும்.

அதன் பிறகே முக்கியச் சோதனை. பஞ்சின் சாற்றையும் பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தின் சாற்றையும் ஒரே நாளில், சாற்றிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் ஒரே எல்சி-எம்எஸ் கருவியில் ஓட்டி, கிருமியைத் தடுக்கும் பகுதியின் மூலக்கூறு நிறை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால், நீங்கள் கண்டது இரண்டு மருந்துகள். அதுவும் நல்ல செய்திதான், ஆனால் வேறு செய்தி. ஒன்றாக இருந்தால், பாக்டீரியாவின் இனத்தைக் காட்டும் 16எஸ் மரபணுவால் அதை அடையாளம் கண்டு, அதன் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, அந்தச் சேர்மத்துக்குரிய தொகுப்பு இருக்கிறதா என்று தேடலாம்; ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டு அந்தப் பாக்டீரியா பஞ்சின் திசுவுக்குள் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். பாலிகீட்டைடு மரபணுத் துண்டு ஒன்று பிசிஆர் என்ற டிஎன்ஏ பெருக்கும் சோதனையில் கிடைத்தது என்பதை மட்டும் சான்றாக வைப்பதை நான் ஏற்பதில்லை. அத்தகைய மரபணுக்கள் பாக்டீரியாக்களில் பரவலாக உள்ளன, ஒரு குறிப்பிட்ட சேர்மத்தை அவை சுட்டுவதில்லை.

செய்பவர் யார் என்பதில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வெறும் அறிவுத்துறை ஒழுங்கு மட்டும் காரணமன்று. மருந்துக்குத் தேவையான அளவைப் பஞ்சிலிருந்து எடுக்க இயலாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் எரிபுலினின் மூலமான ஹாலிகோண்ட்ரின், நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் பஞ்சு எடுத்து அரைத்ததில் 310 மில்லிகிராம்தான் கிடைத்தது. அதனால் மூலக்கூறின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு செயற்கையாகக் கட்டிய எரிபுலின் 2010இல் அனுமதி பெற்றது. அதைக் கட்டுவதற்கு அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகள் தேவைப்பட்டன. கடற்பீச்சி ஒன்றிலிருந்து வந்த ட்ராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்துக்கோ, சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற, தொட்டியில் எளிதாக வளரும் பாக்டீரியா செய்யும் நெருங்கிய சேர்மத்தை எடுத்துச் சில படிகளில் மருந்தாக மாற்றிக்கொள்கிறார்கள். பாக்டீரியா வழி திறந்தால் கடலில் கைவைக்கவே வேண்டியதில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிகுந்த கடற்பகுதியின் அடித்தளமும், நம் கரையோரக் கடலடிப் பாறைப் பார்களும் இழுவைமடிகளால் ஏற்கெனவே படும் பாட்டில், ஆராய்ச்சியின் பெயரால் டன் கணக்கில் பஞ்சு எடுக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பஞ்சும் அதிலுள்ள பாக்டீரியாவும் 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உங்கள் வகைகளை வெளிநாட்டு ஆய்வகம் எதற்கேனும் அனுப்புவதற்கு முன்பும், காப்புரிமை கோருவதற்கு முன்பும் சென்னையிலுள்ள தேசிய உயிர்ப்பன்மய ஆணையத்தை அணுக வேண்டும். மாணவர் ஆய்வு என்பதால் விலக்கு உண்டு என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஆய்வேட்டில் இன்றைய நிலையில் எழுதத் தகுந்த வாக்கியம் இது: "முட்டம் கடலில் கிடைத்த கடற்பஞ்சிலிருந்து வளர்த்தெடுத்த இரண்டு பாக்டீரியா வகைகள் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் வளர்ச்சியைத் தடுத்தன; பஞ்சின் சாறும் அதே விளைவைக் காட்டியது; இரண்டின் செயல்பாட்டுக்கும் காரணமான சேர்மம் ஒன்றுதானா என்பது இவ்வாய்வில் சோதிக்கப்படவில்லை." தேர்வாளர் இதைக் குறையாகக் கருதமாட்டார். வகைகள் இரண்டையும் கிளிசராலில் உறைநிலையில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர் வங்கியில் ஒப்படைத்து எண் வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு எல்சி-எம்எஸ் வாய்ப்புக் கிடைக்கும்போது, அதே வகை உயிருடன் இருந்தால்தான் வேலையைத் தொடர முடியும். ஸ்ட்ரெப்டோமைசஸாக இருந்தால் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகையில் மருந்து செய்யும் வழக்கத்தையே அது விட்டுவிடுவதும் உண்டு.